நம் வீட்டு மருந்து: கீழாநெல்லி

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, தடாவைச் சூழ்ந்த வயல் வரப்புகளிலும் இருப்புப்பாதை ஓரங்களிலும் பசுமை படரும் நாட்களில், எவரும் விதையாமலே ஒரு சாண், இரு சாண் உயரத்துக்கு முளைத்து நிற்கும் பூண்டுகளுள் கீழாநெல்லியும் ஒன்று. இதன் பெயரைக் கேளாத தமிழ்க் குடும்பம் இராது. கண்ணின் வெண்படலத்தில் சற்றே மஞ்சள் தோன்றினால் போதும், பாட்டிமாரின் வாயில் முதலில் வரும் மருந்து இதுவே. இன்று பாட்டிமார் ஊரில் இருக்கின்றனர். பேரப்பிள்ளைகளோ தொழிலின் பொருட்டு ஸ்ரீசிட்டி, சூளூர்ப்பேட்டை, தடா எனப் பிரிந்து வந்து குடியிருக்கின்றனர். ஆகவே வைத்தியம் கைப்பேசியின் வாயிலாக நடைபெறுகின்றது. “வரப்பிலே பறித்து மோரில் அரைத்துக் கொடு” என்று அங்கிருந்து சொல்லப்படுகிறது. இங்கே எதைப் பறிப்பது, எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடுக்கலாகாது என்பதைச் சொல்ல அருகில் ஒருவரும் இல்லை. இத்திங்கள் இப்பூண்டினைச் சற்று விரிவாகவே ஆராயப் புகுந்தமைக்கு அதுவே காரணம்.

முதலில் அடையாளம். நடுத்தண்டிலிருந்து பக்கவாட்டில் மெல்லிய கிளைகள் பிரியும். அவற்றின் இருமருங்கும் நீள்வட்டமான சிற்றிலைகள் மாறி மாறி அமைந்து, பார்வைக்குப் புளிய இலை போலத் தோன்றும். கிளையைத் திருப்பிப் பார்த்தால் அதன் அடிப்புறத்தில், கடுகினும் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் மெல்லிய காம்புகளில் வரிசையாகத் தொங்கும். கீழே காய்க்கும் நெல்லியாதலின் கீழ்காய்நெல்லி என்று பெயர் பெற்று, அது கீழாநெல்லி என மருவிற்று. மாலை மங்கியதும் இலைகள் மடிந்து கொள்ளும். கிள்ளினால் பால் வடியாது. பால் வடிந்தால் அது அம்மான் பச்சரிசியாகவோ வேறொன்றாகவோ இருக்கும், விட்டுவிடுக. தண்டு செந்நிறமாய், காய்கள் காம்பின்றிக் கிளையோடு ஒட்டிச் சொரசொரப்பாய் இருப்பின், அஃது இதன் உறவினம், இது அன்று. மேலாநெல்லி என்று மற்றொன்றும் உண்டு. அதன் இலத்தீன் பெயரில் சென்னைப் பட்டினத்தின் பழைய பெயர் பொதிந்திருக்கிறது என்பது நம்மவர்க்கு ஒரு சிறு பெருமை. நாட்டு மருந்துக் கடைகளில் உலர்த்திக் கட்டி விற்கும் பொட்டலங்களில் இவையெல்லாம் கலந்தே வருவதுண்டு.

இவ்வூர்க் கடைகளில் கேட்பதற்குத் தெலுங்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். ‘நேல உசிரி’ என்பர். நேல என்பது நிலம், உசிரி என்பது நெல்லி. வடமொழியில் பூம்யாமலகி என்பதும் இதே பொருளுடையது. ‘நேல வேமு’ என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் நிலவேம்பைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். காமாலையைத் தெலுங்கர் ‘பச்ச காமெர்லு’ என்பர். அங்கே பச்ச என்பது மஞ்சளையும் குறிக்கும் என்பதை அறியாமல், நம்மவர் சிலர் இது வேறு ஏதோ பச்சை நோய் என்று மயங்குவதுண்டு, மஞ்சட்காமாலையே அது.

நிற்க. வைத்திய நூல்களில் இதன் இடம் பெரிது. சரகர் இதனைத் தாமலகி என்னும் பெயரால் இருமலுக்கும் மூச்சிரைப்புக்குமான மூலிகைத் தொகுதிகளில் வைத்தார். சியவனப்பிராசத்தின் சரக்குகளுள்ளும் சேர்த்தார். தமிழ் வைத்தியத்திலோ குளிர்ச்சி தருவது, சிறுநீரைப் பெருக்குவது, ஈரலைத் தேற்றுவது என்று கொள்ளப்பட்டுக் காமாலைக்கே உரிய மருந்தாகப் புகழ் பெற்றது. முழுப் பூண்டையும் கழுவி அரைத்து, நெல்லிக்காய் அளவு எடுத்து, மோரில் கலக்கிக் காலையில் வெறுவயிற்றில் அருந்துவது வழக்கம். சொறி சிரங்குக்கு இலையை உப்புடன் அரைத்துப் பூசுவதும் உண்டு.

இப்புகழ் எவ்வளவு தூரம் உண்மை என்பதே இனி நாம் காண வேண்டுவது. அதற்கு முன், காமாலை என்பது ஒரு நோயின் பெயரன்று, ஓர் அடையாளத்தின் பெயர் என்பதை மனத்தில் இருத்த வேண்டும். காய்ச்சல் எத்தனையோ காரணங்களால் வருவது போலவே காமாலையும் வரும். இரத்தத்தின் பழைய சிவப்பணுக்கள் அழியும்போது பிலிருபின் என்னும் மஞ்சட்பொருள் பிறக்கிறது. ஈரல் அதனைப் பித்தநீரில் சேர்த்துக் குடலுக்கு அனுப்பிவிடும். இரத்தத்தில் அது நூறு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் அளவுக்குள் நிற்பது இயல்பு. இரண்டு, மூன்று மில்லிகிராமுக்கு மேற்பட்டால் கண் மஞ்சளாகும். சிவப்பணுக்கள் மிகுதியாக அழிந்தாலும் மஞ்சள்; ஈரல் நலிந்தாலும் மஞ்சள்; கல்லோ கட்டியோ பித்தக்குழாயை அடைத்தாலும் மஞ்சள். ஈரல் நலிவதற்கும் காரணங்கள் பல: அசுத்த நீரால் வரும் ‘ஏ’, ‘ஈ’ வகை வைரசுகள், இரத்தத்தாலும் தாயிடமிருந்தும் வரும் ‘பி’ வகை, மது, காசநோய் மருந்துகள், வயல் நீரில் எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் முதலியன. இத்தனைக்கும் மோரில் கலக்கிய ஒரே பச்சிலை மருந்தாகுமா என்று எண்ணிப் பார்த்தால் விடை தானே விளங்கும்.

அப்படியானால் கீழாநெல்லி குடித்துத் தேறியவர் ஊர்தோறும் இருக்கின்றனரே என்பீர்கள். இருக்கின்றனர், அவர் பொய் கூறவில்லை. நம் நாட்டில் திடீரெனக் காமாலை காணும் இளைஞர் பலருக்குக் காரணம் ‘ஏ’ அல்லது ‘ஈ’ வகைக் கிருமியே. பலர் சேர்ந்து வாழும் விடுதிகளில், ஒரே தொட்டி நீரை அனைவரும் கொதிக்க வைக்காமல் அருந்துமிடத்தில் இது ஒருவரிடமிருந்து மற்றவர்க்கு எளிதிற் பரவும். இவ்விரு வகையிலும் பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் உடலே நோயை வென்று ஈரல் பழைய நிலையை எய்திவிடும். அவ்வாரங்களில் கீழாநெல்லி குடித்தவர் கீழாநெல்லியைப் புகழ்வார். மந்திரித்தவர் மந்திரத்தைப் புகழ்வார். ஒன்றும் செய்யாதவரும் தேறுவார், ஆனால் அவர் சொல்வதற்கு ஒன்றுமில்லாமையால் பேசாதிருப்பார்.

எனினும் இம்மூலிகையை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிடுவதும் முறையன்று. அதன் வரலாற்றில் நம் சென்னைக்கு ஓர் அரிய இடமுண்டு. 1960களில் அமெரிக்க அறிஞர் பரூக் பிளம்பர்க் என்பார், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் புதியதொரு பொருளைக் கண்டார். அது ‘பி’ வகைக் காமாலைக் கிருமியின் மேலுறை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்நோய்க்குத் தடுப்பூசி பிறக்கவும் அவரது ஆராய்ச்சியே வழிகோலியது. தடுப்பூசிக்கு வழிகாட்டிய அதே பிளம்பர்க்தாம், தம் குழுவினருடன் நம் கீழாநெல்லியையும் ஆராயத் தலைப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ். பி. தியாகராஜன் (பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானவர்) தம் குழுவினருடன் அவரோடு சேர்ந்து, ‘பி’ வகைக் கிருமியை நெடுநாளாக உடலில் தாங்கியிருந்தவர்களுக்கு இம்மூலிகைப் பொடியை 30 நாட்கள் கொடுத்துச் சோதித்தார். வேறு சிலருக்கு மருந்தற்ற போலிப் பொடி கொடுக்கப்பட்டது. 1988இல் லண்டன் ‘லான்செட்’ பத்திரிகையில் முடிவு வெளிவந்தது: மருந்துண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது, போலிப் பொடி உண்ட 23 பேரில் மறைந்தது ஒருவருக்கே.

உலகெங்கும் இச்செய்தி பரபரப்பை விளைத்தது. வரப்பில் மிதிபடும் பூண்டு ஒன்று, எந்த மருந்துக்கும் அப்போது எளிதிற் கட்டுப்படாத கிருமியை விரட்டிற்று என்றால் வியப்பன்றோ! நாட்டு மருந்துக் கடைகள் அன்று கண்ட வியாபாரத்தைச் சொல்லவும் வேண்டுமோ! ஆனால் விஞ்ஞானத்தின் முறை ஒன்றுண்டு: ஒருவர் கண்டதைப் பிறரும் தம் ஊரில் செய்து காண வேண்டும். தாய்லாந்தில் செய்தனர், 1990இல் வெளிவந்த அம்முடிவு, பயனில்லை என்பது. நியூசிலாந்தில் செய்தனர், 1994இல் அங்கும் அவ்வாறே. பல நாட்டு ஆராய்ச்சிகளை ஒருங்கே சீர்தூக்கிய காக்ரேன் குழுவினர் 2011இல், போலி மருந்தினும் இது மேலானது என்று கொள்ளப் போதிய சான்று இல்லை என்று எழுதினர். இடத்துக்கு இடம் மண்ணும் பருவமும் பூண்டின் இனமும் வேறுபடுதல் காரணமாகலாம் என்போர் உண்டு. முதற் சோதனையின் ஆட்தொகை மிகச் சிறிது என்போரும் உண்டு. எப்படியாயினும், ‘பி’ வகைக் கிருமி உள்ளவர் இதனை நம்பி மருந்தை நிறுத்துவதற்கு இடமில்லை. டெனோபோவிர், என்டெகாவிர் என்னும் மாத்திரைகள் அக்கிருமியை அடக்கி வைப்பது பல்லாண்டு அனுபவத்தால் தெளிந்த செய்தி.

பிளம்பர்க், தியாகராஜன் போன்றோர் இம்மூலிகையை மதித்துச் சோதித்தனர். நாமோ சோதிக்காமலே மதிக்கிறோம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இனிச் செய்ய வேண்டுவது யாது? கண் மஞ்சளாயின், அன்றோ மறுநாளோ இரத்தப் பரிசோதனை செய்துகொள்க. பிலிருபின் எவ்வளவு, ஈரல் எவ்வளவு நலிந்தது, இரத்தம் உறையும் காலம் எவ்வளவு, ‘பி’ வகைக் கிருமி உண்டா என்பவை அதில் தெரியும். காரணம் தெரிந்து, தானே தேறும் வகை என்று வைத்தியர் கூறியபின், அவரிடம் சொல்லிவிட்டுக் கீழாநெல்லி சில நாட்கள் அருந்துவதில் பெரும் பிழை ஒன்றுமில்லை. அருந்தாவிடினும் குறைவில்லை. பரிசோதனைக்கு முன்பாகவே, “முதலில் பச்சிலை, குறையாவிட்டால் ஆஸ்பத்திரி” என்று ஒரு வாரத்தை, இரு வாரத்தைக் கழிப்பதுதான் கேடு. நோயாளி பிதற்றினாலும், பகலில் உறங்கி இரவில் விழித்தாலும், ஈறு அல்லது மூக்கில் இரத்தம் கசிந்தாலும், ஓயாமல் வாந்தி எடுத்தாலும் ஈரல் அடியோடு செயலிழக்கிறது என்பது பொருள்; ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. மலம் சுண்ணாம்பு போல் வெளுத்து உடலெங்கும் அரிப்பு எடுப்பின், பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். எந்த மூலிகையும் அவ்வடைப்பைத் திறவாது.

இருவர் திறத்தில் மட்டும் இச்சில்லறை அனுமதியும் இல்லை. ஒருவர் கருவுற்ற தாய். ‘ஈ’ வகைக் காமாலை பிறர்க்கு எளியதாயினும், கருவுற்றோர்க்குக் கடைசி மூன்று மாதங்களில் கொடியது. அந்நிலையில் அதற்கு ஆளானோருள் நால்வர் அல்லது ஐவரில் ஒருவர் வரை உயிரிழப்பதுண்டு என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்க்குப் பச்சிலை வேண்டாம். பெரிய மருத்துவமனையே வேண்டும்.

மற்றொருவர் பிறந்த குழந்தை. பிறந்த முதல் வாரத்தில் குழந்தைகளுட் பெரும்பாலோர் சிறிது மஞ்சளிப்பது இயற்கை; அது தானே மறையும். ஆனால் முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மஞ்சள் தோன்றினாலும், மஞ்சள் உள்ளங்கால் வரை இறங்கினாலும், குழந்தை பால் குடியாமல் துவண்டாலும் அது வேறு. மிகுந்த பிலிருபின் மூளைக்குள் சென்று தங்கிவிட்டால் செவிட்டுத்தன்மையும் கைகால் வாதமும் வாழ்நாள் முழுதும் நிற்கும். இதற்குச் சிகிச்சை நீல ஒளி. அதன் கதை சுவையானது: 1956இல் இங்கிலாந்தில் ராச்போர்ட் மருத்துவமனைச் செவிலி ஒருவர், வெயிலில் கிடத்திய குழந்தையின் உடலில், துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாகவும் மற்ற இடம் வெளுத்தும் இருக்கக் கண்டு வைத்தியருக்குக் காட்டினார். அதிலிருந்தே ஒளிச்சிகிச்சை பிறந்து 1958இல் உலகறிந்தது. அதற்காக நாமும் குழந்தையை முற்றத்து வெயிலில் கிடத்தினால் போதும் என்று எண்ணிவிடலாகாது. வெயிலின் அளவு நம் கையில் இல்லை, உடலும் காய்ந்துவிடும். சங்கு நிறையக் கீழாநெல்லிச் சாறு புகட்டும் வழக்கமோ முற்றிலும் விடத்தக்கது. ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி வேறொன்றும் குழந்தையின் வாயிற் போகலாகாது.

இப்பக்கத்து ஊர்களில் ‘பசரு மந்து’ என்று காமாலைக்குப் பச்சிலைச் சாறு கொடுப்போர் உண்டு. நம் ஊர்ப்பக்கம் அத்தகையோர் இல்லையென்று சொல்ல வரவில்லை. இரு மொழியாருக்கும் இது பொதுச்சொத்து. அச்சாற்றில் என்னென்ன இலைகள் கலந்தன என்று அவர் கூறார். கூறினால் மருந்து பலிக்காதாம். இன்ன பொருள் என்று தெரியாத எதனையும் நலிந்த ஈரலுக்குக் கொடுப்பது, நொண்டிக் காளையின் மேல் பாரம் ஏற்றுவதேயாகும். மூக்கில் கசப்புச் சாறு விட்டு மஞ்சளாக நீர் வடியச் செய்து “காமாலை இறங்கிற்று” என்பதும், கையில் சூடு போடுவதும் இன்னும் ஒழிந்தபாடில்லை. முன்னது மூக்கின் மெல்லிய தோல் புண்பட்டு வடிக்கும் நீர். பின்னது வெறும் தீப்புண்.

பத்தியத்தைப் பற்றியும் ஒரு சொல். உப்பில்லாக் கஞ்சி, மோர், இளநீர் என்று நோயாளியைப் பட்டினிக்கு நிகராக வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் வேரூன்றியுள்ளது. ஈரல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள உணவு வேண்டும். சோறு, பருப்பு, இட்டிலி, பழம், பசிக்குத் தக்கபடி எல்லாம் கொடுக்கலாம். குமட்டல் உள்ளவரை எண்ணெய்ப் பண்டம் பிடிக்காது. அதனைத் தவிர்த்தால் போதும். மஞ்சள் நிறமாயிற்றே என்று குழம்பில் மஞ்சள்தூளை விலக்குவோரும் உளர்; அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. மது மட்டும் அறவே ஆகாது. காய்ச்சல் மாத்திரைகளையும் வைத்தியரைக் கேளாமல் விழுங்கலாகாது.

கீழாநெல்லியை அருந்துவதானால் சில எச்சரிக்கைகள். நெடுஞ்சாலை ஓரத்திலும் தொழிற்சாலைக் கழிவுநீர் ஓடும் வாய்க்காலிலும் முளைத்ததைப் பறிக்கவேண்டாம். பூண்டு மண்ணில் உள்ளதையெல்லாம் உறிஞ்சும். வயலில் பறித்ததாயின் பூச்சிமருந்து தெளித்ததோ என்று உழவரைக் கேட்டறிக. மழைநீர் தேங்கிய இடத்துப் பச்சிலையைப் பல முறை கழுவியும் பச்சையாக அரைத்துக் குடிப்பதைவிடக் கொதிக்க வைத்த கஷாயமே மேல். காய்ச்சாத ஆட்டுப்பாலில் கலப்பதை விட்டுவிடுக. அப்பாலின் வழியாக வேறு காய்ச்சல் வரும். நீரிழிவு மருந்து உண்போர்க்கு இதனால் சர்க்கரை மேலும் தாழக்கூடும். சிறுநீரைப் பெருக்குவதால் இரத்த அழுத்த மாத்திரை உண்போர்க்குத் தலைசுற்றல் வரலாம். இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்போரும், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தோரும் தொடவேண்டாம். கடைப்பொடி வாங்கினால் உரிம எண்ணும் தேதியும் உள்ள பொட்டலமாகப் பார்த்து வாங்குக.

சிறுநீரகக் கல்லுக்கும் இதனைக் கூறுவர். தென்னமெரிக்காவில் இதன் இனத்துக்குக் ‘கல்லுடைப்பான்’ என்றே பெயர். புதிய கல் சேராமல் ஓரளவு தடுக்கலாம் என்பதற்குச் சில ஆராய்ச்சிகள் உண்டு. இருக்கும் கல்லை உடைத்ததற்கு உறுதியான சான்றில்லை. காய்ச்சலும் விலாவலியும் சேர்ந்து வந்தால் கஷாயத்தோடு காத்திருக்கவேண்டாம்.

முடிவாக ‘பி’ வகைத் தடுப்பூசி. தாயிடமிருந்து பிறப்பின்போது இக்கிருமியைப் பெறும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர்க்கு அது வாழ்நாள் முழுதும் தங்கி, பின்னாளில் ஈரற்சுருக்கத்தையும் புற்றையும் விளைக்கக்கூடும். பிறந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் முதல் ஊசியும், பின் 6, 10, 14ஆம் வாரங்களில் மற்றவையும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடப்படுகின்றன. பெரியவர்களுக்கும் ‘பி’ வகைக் கிருமிப் பரிசோதனையும் மருந்தும் 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இலவசம். இங்குள்ளோர்க்குத் திருப்பதியில் பெரிய மருத்துவமனைகள் உள்ளன. மொழி தடையாயின் சூளூர்ப்பேட்டையிலிருந்து தடா வழியாகச் செல்லும் புறநகர் இரயிலில் ஏறினால் சென்னைக்கே போய்விடலாம். பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் சகோதரிகள், இங்கே பெற்ற அட்டையை உடன் எடுத்துச் செல்லவேண்டும். தெலுங்கில் எழுதியிருந்தாலும் தேதிகள் எவர்க்கும் விளங்கும். பிள்ளை பெற்றுத் திரும்பும்போது பிறந்த நாள் ஊசி போட்ட தேதி குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கி வருக.

அடுத்த திங்கள், கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடக்கூடிய அந்த நேல வேமுவை, நம் நிலவேம்பை, பார்ப்போம்.